அல்லது

நுழைவுச் சீட்டில் என் பெயருக்குக் கீழே
சிவப்பு ரப்பர் முத்திரை: பழைய பாடத்திட்டம்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்
இதுவே இறுதி வாய்ப்பு.
குத்தியவருக்கு என்ன அவசரமோ,
வாய்ப்பு பாதி
தாளுக்கு வெளியே விழுந்திருந்தது.

பெரம்பூர் பள்ளியில் மாடிப்படிக்குப் பக்கத்து அறை.
கோ-கோ கம்பங்களை ஓரம் தள்ளி
பெருக்கிக் கொடுத்திருந்தார்கள் எங்களுக்கு.
எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு.
ஒருவர் வரவில்லை.
மெஹருன்னிசா
கைக்குழந்தையை வாசலில் கணவனிடம் விட்டுவிட்டு வந்து
பேனா மூடியைப் பல்லால் திறந்தாள்.

மேற்பார்வைக்கு வணிகவியல் ஆசிரியர்.
வேதியியல் தெரிந்தவர்கள் இன்று
தேர்வறைப் பக்கமே வரக்கூடாதாம்.
விதியை நானும் மீறவில்லை.

இருநூறுக்கு அறுபத்தாறு. நான்கு குறைந்தது.
முதல் இரண்டு வருஷம் வெட்கம்,
அப்புறம் ஓவர்டைம்,
அப்புறம் கல்யாணம்,
அப்புறம் யாரும் கேட்கவில்லை.
இப்போது கேட்கிறார் முதலாளியின் மகன்:
சூப்பர்வைசர் என்றால் பிளஸ் டூவாவது வேண்டாமா, டேனியல்?

பழைய புத்தகக் கடையில் கைடு கேட்டபோது
அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார் என்றான்.
போகாமல் தங்கிய ஒன்று மூட்டையடியில் கிடைத்தது.
முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெயர்,
கோமளவல்லி, பன்னிரண்டு இ பிரிவு.
அவள் மூன்று நட்சத்திரம் போட்ட இடங்களை மட்டும் படித்தேன்,
அவள் தேறியிருப்பாள் என்ற நம்பிக்கையில்.

பக்கத்துப் போர்ஷன் ரோஷிணியின் புதுப் புத்தகம் வழவழவென்று இருக்கிறது.
எனக்கு வராத பாடங்கள் சில
ஒரு வகுப்பு கீழே இறங்கிவிட்டன.
சில எங்கே போயினவோ.
பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் புள்ளிச் சதுரம்,
போனைக் காட்டினால் பேசுகிறது.
இப்ப எல்லாம் நூறுதான், அங்கிள்,
அப்படிப் பார்த்தா
நீங்க ரெண்டு மார்க்லதான் ஃபெயில் என்றாள்.
கொஞ்ச நேரம்
அது நல்ல செய்தி போலவே இருந்தது.

வாரியக் குடியிருப்பை இடிக்கும்போது
காலி செய்யாத கடைசி வீட்டுக்கு மட்டும்
கரண்ட் விட்டுவைத்திருப்பார்களே,
அப்படி எங்கோ அச்சாகி வந்திருக்கிறது
இந்த வினாத்தாள்.
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்
மூன்று பேருக்காக.

ஐம்பத்தைந்தாவது கேள்வி:
மின்முலாம் பூசுதலைப் படத்துடன் விளக்குக.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
பன்னிரண்டு வருஷமாய் குரோம் பூசுகிறேன்.
ஹேண்டில்பார், குழாய்த் திருகு,
ஒருமுறை சினிமாக்காரர்களுக்கு ஒரு வாள்.
எங்கிருந்து தொடங்குவது?
துருவைத் தேய்ப்பதிலிருந்தா,
ஆரஞ்சுத் தொட்டிமேல் குனிந்தால்
மூக்கில் கசிகிற ரத்தத்திலிருந்தா,
ராத்திரி கழிவுநீரைத் திறந்துவிடும்
அந்த வால்விலிருந்தா?
ஐந்து மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் போதும் என்பார்கள்.
நேர்மின்வாய், எதிர்மின்வாய், அம்புக்குறி.
பேனாவை வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்தேன்.
மஞ்சள் போகவில்லை.

அதற்குக் கீழே தடித்த எழுத்தில்
அல்லது.
அதற்கும் கீழே
அசிட்டால்டிஹைடையும் அசிட்டோனையும் வேறுபடுத்துக.
மூன்று நட்சத்திரம்!
அதைத்தான் எழுதினேன்.

கடைசி மணி. வாசலில் குழந்தை வீறிட்டது.
மெஹருன்னிசா எழுந்து, இன்னும் ஒன்று பாக்கி என்று
மறுபடி உட்கார்ந்தாள்.
வணிகவியல்காரர்
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், ஒரு நிமிஷம் இருக்கும்.
பிறகு நாற்பது தாளுக்கு வெட்டி வைத்த நூலால்
இரண்டு தாளைச் சுற்றினார்,
சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது ஷிஃப்டுக்கு ரயில் பிடித்தேன்.
வில்லிவாக்கம் தாண்டும்போது
விட்டுவந்த ஒரு சமன்பாடு
இரண்டு பக்கமும் சரியாக
ஞாபகம் வந்தது.
எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மா.
அவரிடம் சொல்லவா முடியும்.