பாம்பின் கண்

காலையிலேயே வந்துவிட்டீர்கள்.
சீட்டில் அச்சான நேரத்தை நம்பியிருக்கிறீர்கள்.
டிவியில் நீங்கள் பார்த்த மலைகள்
மத்தியானத்துக்கு மேல்தான் அசைந்து வரும்.
பரவாயில்லை, உட்காருங்கள்.
நகோயாவில் ஜூலை வெயில்; உள்ளே ஏசி ஓடுகிறது.
ஏழாயிரம் இருக்கை, நாற்பது பேர்.

விதி இரண்டுதான்.
வட்டத்துக்கு வெளியே எதுவும் படக்கூடாது.
வட்டத்துக்கு உள்ளே, பாதம் தவிர எதுவும் படக்கூடாது.
மிச்சமெல்லாம் மரியாதை.

என் வேலை பெயர் சொல்லி அழைப்பது.
வெள்ளை விசிறியை விரித்துக்
கிழக்கே ஒருவரை, மேற்கே ஒருவரை.
பிறகு இறங்கித் துடைப்பத்தை எடுப்பேன்.

வைக்கோல் வரம்பைச் சுற்றி
ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய மணல்.
பாம்பின் கண் என்று பெயர்.
குருவி நடந்தாலும் எழுதிக்கொள்ளும்.
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்
அதை ஒன்றும் தெரியாத மணலாக்கிவைப்பவன் நான்.

முந்தாநாள்,
கிழக்கே இசோநோஷிமா.
வயது முப்பத்துமூன்று, இரண்டு முழங்காலிலும் கட்டு.
பதினேழு வருடமாக
காலியான இருக்கைகளுக்கு முன்னால்தான் மோதுகிறார்.
இந்த வரிசைக்குச் சம்பளம் இல்லை,
அள்ளி வீச உப்பு இல்லை,
பட்டுக் கச்சை இல்லை; கறுப்புப் பருத்திதான்.
மூன்று வெற்றி, மூன்று தோல்வி.
கடைசி ஆட்டம் அது.
மேற்கே குராமோச்சி, பதினெட்டு.
குடுமி கட்டும் அளவுக்கு இன்னும் முடி வளரவில்லை.

நெற்றியோடு நெற்றி மோதிய சத்தம்
கூரைவரை போய்த் திரும்பியது.
வரம்போரம் முதுகு வில்லாய் வளைய
பையனைத் தூக்கிச் சுழற்றினார்.
இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.
நடுவரின் விசிறி கிழக்கைக் காட்டியது.

கீழே உட்கார்ந்திருந்த ஒருவர்
கறுப்புக் கிமோனோவுக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

மணலில் ஒரு குதிகால்.

ஐவரும் மேலேறித் தலைகூடி நின்றார்கள்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு
அந்த மூலையைப் பெருக்கினேனா?
கை போனது ஞாபகம் இருக்கிறது.
கண் போனது ஞாபகம் இல்லை.
மனசு ஒகாசாகி மைதானத்தில் இருந்தது:
தம்பியின் பள்ளிக்கு அன்றுதான் பேஸ்பால் அரையிறுதி,
அவன்தான் கேட்சர்.

என் குரல் பெயர்களுக்கு மட்டும்.
சந்தேகத்தைக் கூவி அழைக்க
அந்த மேடையில் ராகம் கிடையாது.

குதிகால்தான் முதலில், என்றார்கள். மேற்குக்கு வெற்றி.
இசோநோஷிமா தலை வணங்கினார்.
ஒரு முழங்காலிடம் கேட்டு, பிறகு மற்றதிடம் கேட்டு
இறங்கிப் போனார்.
நான் பெருக்கினேன்,
ஒரே இடத்தை மூன்று தடவை.

இடைவேளையில் தேடிப் போனேன்.
குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில்
மூட்டில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார்.
மன்னிப்பை எந்த நுனியில் தொடங்குவதென்று
நான் தடவிக்கொண்டிருக்கையில்,
"குதி என்னுடையதுதான்" என்றார்.
"மெத்தென்று இருந்தது. களிமண் அப்படி இருக்காது."

அவர் முகத்தைப் பார்த்தேன்.
என் துடைப்பத்தால் ஒருநாளும் முடியாத அளவுக்கு
சுத்தமாகப் பெருக்கியிருந்தார்.

"தம்பி ஜெயித்தானா?"
"ஒரு ரன்னில் போச்சு."

பையைத் திறந்து
ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்,
எனக்கு ஒன்று நீட்டினார்.

இதோ, அடுத்த ஜோடி காத்திருக்கிறது.
விசிறியை எடுக்க வேண்டும்.
எல்லாரும் ஆட்களைத்தான் பார்ப்பார்கள்;
நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்,
அந்த மூலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.