வாங்கி

ஒலுமடுக் காட்டில்
சிவப்புக் குச்சிக்கும் வெள்ளைக் குச்சிக்கும் இடையில்
முழங்காலில் இருந்து
ஒன்பது வருசம் மண்ணைக் கேட்டவள் நான்.
ஒரு மீற்றர் அகலம். நாளுக்கு ஐந்து மீற்றர் நீளம்,
பாலை வேர் குறுக்கிட்டால் மூன்று.
கீச்சென்றால் நில்.
பெரும்பாலும் சோடா மூடி.

வவுனியாவில் ஸ்கான் எடுத்த பெடியன்
முதலில் கண்டது விலாவுக்குள் கிடந்த பழைய இரும்பை.
"இது உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"
தெரியும். அது வந்த திகதியும் தெரியும்.
மற்றதற்குத் திகதி இல்லை.
வலது சிறுநீரகத்தில், தேசிக்காய் அளவில்,
சத்தமே போடாமல்.

வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருசம் ஒன்றுமில்லை.
பிறகு நுரையீரலில் மூன்று பொட்டு.

டொக்டர் யசோதினி மருந்துத் துண்டின் பின்பக்கம் கீறினா:
ஒரு வட்டம், அதன் தோலெல்லாம் குட்டிக் கவட்டைகள்.
"இதுகள் வாங்கிகள்.
நுரையீரலும் எலும்பு மச்சையும் ஒரு புரதத்தைக் கசியவிடும்,
நல்ல கலங்களைக் கூப்பிட.
உங்கட கட்டியும் அந்தக் காதை முளைக்க வைச்சிட்டுது.
எங்க கூடக் கேக்குதோ, அங்க நடக்கும்."

ஏன் முளைத்தது?

"அதுக்கு மூச்சு முட்டுதெண்டு நினைப்பு.
இரத்தம் வேண்டிய மட்டும் ஓடுது, காத்து நிறைய இருக்கு.
இருக்கெண்டு சொல்லுற பரம்பரையலகு பழுது."

நான் சிரித்துவிட்டேன். அவவுக்கு விளங்கவில்லை.

பரஞ்சோதியை அவவுக்குத் தெரியாது.
கல்வீட்டில், நாலு யன்னலும் திறந்து கிடக்க,
இரவு இரண்டு மணிக்கு எழும்பி
"காத்தில்லை, வெளிக்கிடு" என்கிற என் மனுசனை.
பங்கரைத் தூர்த்து, மேலே கத்தரி நட்டு,
எத்தனை காய் பறித்தாயிற்று.

"காதை அடைக்கிற மருந்து?"
"ஆராய்ச்சியில இருக்கு. இப்ப இந்தக் குளிசை.
கை காலில தோல் உரியும், பயப்பிடாதேங்கோ."

கனகராயன்குளம் தாண்டும்வரை பஸ்ஸில் நின்றபடி.
ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன்
தெரிந்த இரும்புத் துண்டொன்றைப் புதைத்து
கருவிக்குக் காட்டுவோம்:
இதுக்குக் கத்து. மண்ணுக்குக் கத்தாதே.
என் விலாவுக்கு மேல் பிடித்தால் ஊரைக் கூட்டும்.
ஒரு சாண் தள்ளிப் பிடித்தால்
சுத்தமான நிலம், வெள்ளைக் குச்சி நடலாம்.

அன்றிரவும் இரண்டு மணி.
"காத்தில்லை."
அவர் கையை எடுத்து யன்னல் கம்பியில் வைத்தேன்.
இருக்கு, பாருங்கோ.
ஏ-ஒன்பதில் ஒரு லொறி கியர் மாற்றிப் போனது.
இருக்கு என்றேன் இன்னொரு தரம்,
அவருக்கா எனக்குள்ளா
என்று தெரியாத குரலில்.