தலையளவு

ஸ்டாக்போர்ட் நகரத்துத் தொப்பி முதலாளி ஜேபெஸ் ஆர்டெர்ன்
யாரையும் முகம் பார்த்துப் பேசியதில்லை.
நெற்றிக்கு மேலேயே நின்றுவிடும் பார்வை.
பாதிரியார் ஏழு.
வங்கிக்காரர் ஏழே கால்.
கடன் கேட்டு வந்தவன் ஏழே முக்கால்.
"உள்ளே காலியென்றால்தான் இவ்வளவு பெரிதாக இருக்கும்"
என்றார் மனைவியிடம்,
வந்தவன் அவளுடைய தம்பி என்பதை மறந்து.

கெசையா பதில் சொல்லவில்லை.
கணக்குப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
முயல் ரோமம் நாற்பது மூட்டை,
அரக்கு, பட்டு நாடா, பாதரசம் இரண்டு ஜாடி,
எட்டு மாதத்தில் போன குழந்தைக்குப் பெட்டி ஒன்று.
எல்லாம் ஒரே மை, ஒரே கையெழுத்து.
அந்தப் பக்கத்தில் மட்டும் கூட்டல் தப்பு.
இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

தலைச்சன் ஹிராம்
பதினாறு வயதில் கொப்பரைப் பக்கம் போனான்.
முதலாளி மகனுக்கென்று தனி ஆவியா எழும்பும்?
இருபத்து மூன்றில்
அவன் கையிலிருந்த தேநீர்க் கோப்பை
தட்டின்மேல் தந்தியடித்தது.
"குளிர்" என்றார் அப்பா.
ஜூலை மாதம்.
கணப்பை மூட்டச் சொன்னார். மூட்டினார்கள்.
ஐந்து பேரும் வியர்க்க வியர்க்க
ஆட்டிறைச்சி தின்று முடித்தார்கள்.

மகள் லெட்டிஸ் ஒரு குவேக்கரைக் காதலித்தாள்.
ராஜாவே எதிரில் வந்தாலும் தொப்பியைக் கழற்றாத கூட்டம்.
"கழற்றி மாட்டினால்தானே தேயும்,
தேய்ந்தால்தானே அடுத்தது வாங்குவான்?"
அவளைத் தலைமுழுகினார் ஜேபெஸ்.
கல்யாணத்தன்று பெயரில்லாமல் ஒரு பெட்டி வந்தது:
அகல விளிம்பு வைத்த சாம்பல் தொப்பி,
மாப்பிள்ளைக்கு மயிரிழை பிசகாத அளவு.
அவன் அந்த வீட்டு வாசலில் நின்றது
ஒரே ஒரு முறை, அதுவும் மழையில்.

பிறகு பட்டுத் தொப்பிகள் வந்தன.
தெருக்கோடியில் கேப்ஸ்டிக் சகோதரர்கள் வந்தார்கள்.
"பட்டு ஒரு பருவத்துக் காய்ச்சல்" என்றார்.
பதினோரு பருவம் அதையே சொன்னார்.
ஒரு பிப்ரவரியில்
தச்சன் வந்து அவரை நீளம் எடுத்தான், அகலம் எடுத்தான்.
தலையளவு கேட்கவில்லை.

தேவாலயத்தில் ஆண்கள் எல்லாரும் மரியாதையாகக் கழற்றி
மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்கள்.
கறுப்பு வலைக்குள்ளிருந்து கெசையா பார்த்தாள்.
உள்பட்டையில் பொன் எழுத்து: கேப்ஸ்டிக்.
அடுத்த வரிசை, கேப்ஸ்டிக்.
பெட்டி சுமந்த ஆறில் நாலு.
பாதிரியார் "மண்ணுக்கு மண்" என்றபோது
அவள் பதினேழில் இருந்தாள்.
மருமகன் கழற்றவில்லை. ஊர் முறைத்தது.
சாம்பல் தொப்பி அசையாமல் இருந்தது;
அவளுக்கு அப்போது ஆறுதல் அது ஒன்றுதான்.
ஹிராமின் தொப்பியில் இருந்த பெயரை மட்டும்
அவளால் படிக்க முடியவில்லை.
எழுத்து ஒரு கணம்கூட நிற்கவில்லை.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தில் எழுதினாள்:
நாற்பத்தொன்றில் இருபத்தெட்டு.
அடுத்த வரியில்:
பட்டு, கஜம் என்ன விலை, விசாரிக்க.
அதற்கும் கீழே எதையோ எழுதி
மை காயுமுன் துடைத்திருக்கிறாள்.
ஜாடி என்ற சொல் மட்டும்
இன்னும் மங்கலாகத் தெரிகிறது.