கைக்குழிக்கு ஒரு இஞ்ச் கீழே

கைக்குழிக்கு ஒரு இஞ்ச் கீழே
டேப்பை வெச்சு இழுத்தா நெஞ்சளவு.
பத்தொம்பது வருசமா பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல
முகம் தெரியாத வெள்ளைக்காரங்க நெஞ்சை
அளந்து அளந்து பொட்டி கட்டினவ நான்.
அரை இஞ்ச் கூடுனா ஆல்ட்டர்.
ஒரு இஞ்ச் கூடுனா ரிஜெக்ட்.

அதே எடத்துலதான் எனக்கும் இருந்திருக்குது.
கை பட்டும் தெரியல.
சதைக்குள்ள சதையா
புளியங்கொட்டை கணக்கா
எத்தனை நாள் கெடந்துச்சோ.

ஒறம்பரை வந்தாங்க.
திங்களூர்ல இருந்து நாத்தனா நாகரத்தினம்,
தூக்குப்போசி நெறைய நாட்டுக்கோழி ரசம்.
என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு
"சீக்குக்காரியாட்டவே இல்லியே நங்கையா,
கும்முனுதான இருக்கறீங்க.
எளைச்சாத்தான் அந்த நோவு" ன்னு
மூக்கைத் தொடச்சுக்கிட்டா.
எனக்கும் அதை நம்போணும்னு இருந்துச்சு.
ரசத்து மேல நெய் மெதந்துச்சு.

டாக்டரு சின்னப் புள்ளை.
பேப்பரைத் திருப்பிப் போட்டு வட்டம் வட்டமா வரைஞ்சுது.
தீட்டு நின்னே ஏழு வருசம் ஆச்சேன்னேன்.
"நின்ன பொறவும் கொழுப்பு சும்மா இருக்காதுங்கம்மா,
அந்தச் சுரப்பை அதுவே செஞ்சுகிட்டு இருக்கும்.
உங்க கட்டி அதைத் தின்னு வளர்ற ரகம்."
காயம் ஆற நாளாகலாம். கை வீங்கலாம்.
திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் எச்சு.
மருந்து இருக்கற எடைக்கு முழுசா ஏத்தோணும்,
கொறைச்சா கட்டிக்குத்தான் லாபம்.
"உங்க தப்புன்னு சொல்லலைங்க" ன்னுது கடைசியா.
பஸ்சு அவிநாசி தாண்டுற வரைக்கும்
தப்பு, தப்பு, தப்புன்னு
அது ஒண்ணுதான் காதுல அடிச்சுது.

மொத ஊசி, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.
எடை மிசினு ரிப்பேரு. பழைய பைலு மேல்மாடியில.
சிஸ்டர் ஜெபசெல்வி நோட்டோட வந்து நின்னுது.
"எவ்ளோங்கம்மா?"
எதுத்த கட்டில்ல ஆளுக இருந்தாங்க.
"எம்பது" ன்னேன்.
கலியாண போட்டோவுக்குப் பின்வரிசை தேடற காலு மாதிரி
வாயி தானாப் போயிருச்சு.
அந்தப் புள்ளையும் எழுதிக்கிட்டுப் போச்சு.

அப்பத்தான் பொன்னுக்குட்டி மாஸ்டர் ஞாபகம்.
துணி மிச்சம் புடிக்கறேன்னு
எக்ஸெல் பேட்டனை வெச்சே
டபுள் எக்ஸெல்லையும் வெட்டிப்போட்டான் ஒருக்கா.
நாலாயிரம் பீசு.
லேபிள் மட்டும்தான் பெருசு.
அத்தனையும் விட்டது
கைக்குழிக்கு ஒரு இஞ்ச் கீழே.

"கண்ணு, அந்தச் சீட்டை நிறுத்து.
தொண்ணூத்தி ஆறு."
"என்னங்கம்மா?"
"தொண்ணூத்தி ஆறு கிலோ.
முந்தாநேத்துப் பருத்திக்கொட்டைக் கடைத் தராசுல ஏறிப் பாத்தேன்."
சத்தமாத்தான் சொன்னேன்.
எதுத்த கட்டில்காரி ஊட்டுக்காரன் திரும்பிப் பாத்தான்.
பாக்கட்டும்.
சிஸ்டர் அடிச்சுட்டு எழுதுச்சு.
உள்ள போயி டாக்டர் கிட்டயும் கேட்டுட்டு வந்துச்சு.

மருந்து கலக்கி வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.
பசிச்சுது.
பையில நாகரத்தினம் குடுத்த கச்சாயம் ஆறு.
ஒண்ணைத் தின்னேன்.
பொறவு இன்னொண்ணுல பாதி.
மிச்சத்தை எதுத்த கட்டிலுக்குக் குடுத்துட்டேன்.