ஏப்ரல் முப்பது, மொட்டை மாடி

லிப்ட் பழுது.
வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடியில்
ஐந்து தட்டும் நடந்தே ஏறினார்கள்
தெனுகவும் ஸைனபும் என் மகள் ஆதிரையும்.

மேலே, உடுப்புக் காயப்போடும் கம்பியில்
ஏழு முனை நட்சத்திரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.
வெசாக் கூட்டுக்கென்று புறக்கோட்டையில் விற்கும் டிசுத் தாள்,
பழைய பேப்பர், கோதுமை மாப்பசை.
மூன்று இரவாய் ஒட்டினோம், ஹிமெனாவும் நானும்.
அவளுக்குத் தமிழில் எட்டுச் சொல் தெரியும்.
அவள் மொழியில் எனக்கு
'இன்னும் கொஞ்சம்' மட்டும்.

மெக்சிக்கோவில் இன்று பிள்ளைகளின் நாளாம்.
பள்ளிக்கூடத்தில் பாடமே இல்லையாம்,
அதிபர் கோமாளி மூக்கு மாட்டிக்கொண்டு வருவாராம்.
"இது கணா முட்டிதானே,
அவுருது முடிஞ்சு ரெண்டு கிழமையாச்சே"
என்று சந்தேகப்பட்டான் தெனுக.
புளி உருண்டையை மிளகாய்த்தூளில் பிரட்டியபடி
எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றாள் ஹிமெனா.
ஸைனப் நம்பவில்லை.

அப்போது சோடாப் பெட்டியைத் தோளில் வைத்து
ஏறி வந்தான் கீழ்க்கடைப் பெடியன் மதுசாந்த்.
மூச்சு அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

வயசு என்ன என்று கேட்டாள், எட்டில் இரண்டு சொல்லால்.
"பதினெட்டு, மிஸ்."
கேள்வி முடியுமுன்னே வந்த பதில்.
தொழில் திணைக்களத்து ஆட்களுக்கென்று
முதலாளி பழக்கிவைத்த பதில்.
மீசை மட்டும் அதை இன்னும் பாடமாக்கவில்லை.

நான் மொழிபெயர்த்தேன்.
அவள் காதில் விழுந்ததாகவே காட்டவில்லை.
தலைமுடி கட்டியிருந்த துணியை அவிழ்த்து
அவன் கண்ணைக் கட்டினாள்.
தும்புத்தடியின் கம்பைக் கையில் கொடுத்து
மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள்.

காற்றை அடித்தான். கம்பியை அடித்தான்.
மூன்றாம் மாடிக்காரரின் சாரத்துக்கும் ஒன்று போட்டான்.
'வலது, வலது!' 'தகுணட்ட!' 'அரீபா!'
இத்தனை மாதத்தில்
அன்றுதான் அவன் பல்லைப் பார்த்தேன்.

உடைந்தது.
டொஃபி, புளி, ஐந்து ரூபாய்க் குற்றிகள்.
பிள்ளைகள் குப்புற விழுந்து பொறுக்கினார்கள்.
அவன் கட்டை அவிழ்த்துவிட்டு நின்றான்,
தானும் பொறுக்கலாமா என்று யாரையும் கேட்காமல்.
ஒரு பாதம் மட்டும் மெல்ல நகர்ந்து
ஒரு புளி உருண்டையை மூடிக்கொண்டது.

"நாளைக்குத் தொழிலாளர் தினம், மிஸ். கடை பூட்டு.
வேற ஏதும் வேணுமெண்டா இப்பவே சொல்லுங்க."
வெறும் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.
நிமிர்ந்தபோது பாதத்தடியில் எதுவும் இல்லை.

படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
நாலாம் மாடிவரை
நடை.
அதற்குக் கீழே
இரண்டிரண்டு படியாய்த் தாவல்.