ஐந்தாவது விதி

வேலியில் தொங்கும் பலகையில் ஏழு விதிகள்.
ஐந்தாவதை எழுதியது நான்:
'துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும்
சோறில்லை, சேதியில்லை, தண்ணீரில்லை.'

கல்நெஞ்சு என்பீர்கள்.
விதிக்கு முந்தைய வருடம்
மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு
எவெலியோ ஒரு குவளை கொடுத்தான்.
மறுநாள் ராணுவம் வந்து
குவளையை வெயிலில் திருப்பிப் பார்த்து
யார் வாய் பட்டது என்று கேட்டது.
குவளை இன்னும் என்னிடம் இருக்கிறது.
உராபாவில் தண்ணீருக்கும் கட்சி உண்டு.

சனிக்கிழமை, கொக்கோ உடைத்துக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு அப்பால் ஒருவன்.
சட்டையில் தைத்த பெயர் பலாசியோஸ்.
வருவதா வேண்டாமா என்றிருந்தது மீசை.
படையைத் தவறவிட்டு, உதடு வெடித்து,
'சென்யோரா, ஒரு வாய்' என்றான்.

பலகையைக் காட்டினேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தான், ஏழையும்.
'அதை அந்த மரத்தடியில் வைத்துவிட்டு வா.
குடம் நிறையத் தருகிறேன்.'
'வைத்தால் சுட்டுவிடுவார்கள்.'
'யார்?'
'யாராவது.'

வாளி கையில் இருந்தது.
கை நடுங்கியதா, நானே சாய்த்தேனா என்று
அன்றிரவு சபையில் மூன்று மணி நேரம் கேட்டார்கள்.
தண்ணீர் வாய்க்காலில் இறங்கி
வேலிக்கு அடியில் நுழைந்து போனது.
துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு
மண்டியிட்டு, சேறோடு அள்ளிக் குடித்தான்.
மாடு போல என்று எழுத வந்தேன்.
இல்லை. தாகம் எடுத்தவன் போல.

'விதிக்கே தண்ணி காட்டிவிட்டாள்' என்றாள் இஸ்மெல்தா.
சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
இரண்டு மகன்களைப் புதைத்தவள்; கேட்கலாம்.
'ஈரத்தைப் பார்த்து மலையாட்கள் வந்து கேட்டால்?'
'நடந்ததைச் சொல்வேன்.'
'சொல்லிவிட்டு?'
'நிற்பேன்.'
'நிற்பதெல்லாம் ஒரு திட்டமா?'

திட்டமில்லைதான்.
இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறோம்.
துப்பாக்கி வாங்கிய பக்கத்து ஊரில்
அடுப்பங்கரைகளில் பப்பாளி முளைத்திருக்கிறது.
எங்களுக்கும் கல்லறை உண்டு.
அவர்களுடையதைவிடச் சின்னது என்று
இஸ்மெல்தாவிடம் போய் யார் சொல்வது?

கை தூக்கினார்கள்: பதினாறுக்குப் பதினாறு.
முடிவில்லை. விளக்கெண்ணெய் தீர்ந்ததால் கலைந்தோம்.
யார் சொல்லியும் அல்ல, மறுநாள் காலை
பலகைக்குப் புது வண்ணம் பூச உட்கார்ந்தேன்.
ஐந்தாவதில் தூரிகை நின்றது.
எதை மாற்றினாலும்
அடுத்த குவளை யாருடைய வீட்டில் இருக்கும்?
அதே சொற்களைத்தான் எழுதினேன்.
காயும்வரை ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தேன்.

வாய்க்காலில் அவன் முழங்கால் தடங்கள்
இன்னும் காயவில்லை.
மலைப்பக்கம் நாய்கள் குரைக்கத் தொடங்கின.