மீதி ஆறு

பத்து அமர்வுக்கான மஞ்சள் அட்டை.
நான்கு கட்டங்களில் என் முத்திரை,
நான்கும் ஹலினாவின் முதுகுக்கு விழுந்தவை.
மீதி ஆறைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மார்ச் மாத ஈரத்தோடு படியேறி வந்தார்
அவள் கணவர் போகுமில்.
"காசு கட்டியாகிவிட்டது. வீணாகக் கூடாது."
இரங்கல் சொல்ல வாயெடுத்தேன்;
அதற்குள் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

கிடினியா துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம்
கப்பல் வயிற்றுக்குள் மல்லாந்து கிடந்து
இரும்போடு இரும்பைப் பற்றவைத்த வலது தோள்.
தலைவாரக் கை எழாது.
வாருவதற்கு முடியும் அதிகமில்லை என்றார்.
அன்றைக்கு அறையில் கேட்டது ஒரே ஒரு சிரிப்பு,
அதுவும் என்னுடையது.

அழுத்தினேன்.
கட்டைவிரலுக்குக் கீழே
உள்ளே தாழிட்ட கதவு.
ஆள் இருந்தார்,
நடமாடும் சத்தம்கூடக் கேட்டது.
திறக்கவில்லை.
அவர் கூரைப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை
தோளுக்கு நாலு விரற்கடை மேலே
கையை நிறுத்தி வைத்தேன்.
ஹலினாவுக்கு அது பிடிக்கும்.
"தொடவே இல்லையே அம்மணி,
காற்றுக்குமா கட்டணம்?"
ஞாயமான கேள்விதான்.
பதினெட்டு வருஷமாக
இரவில் பாத்திரம் கழுவும்போது
நானே என்னிடம் கேட்பது.

புதன்கிழமை வரும் தபாலாபீஸ் யாட்விகா வேறு ரகம்.
கையைக் கொண்டுபோகுமுன்பே
"ஆகா, என்ன சூடு!" என்பாள்.
ஒருமுறை அவள் குப்புறப் படுத்திருக்க
ஆறடி தள்ளி அலமாரியில்
துண்டு தேடிக்கொண்டிருந்தேன்.
இடுப்பிலிருந்து வலி இறங்கி ஓடுகிறது என்று
தலையணைக்குள் அழுதாள்.
பொய்யில்லை. நிமிர்ந்துதான் நடந்துபோனாள்.
ரசீதில் யார் பெயரை எழுதுவது நான்?

போகுமிலின் மூன்றாம் முறையும் தாழ்தான்.

நான்காம் முறை கொதிகலன் நின்றுபோயிருந்தது.
என் கைகள் ஐஸ்பெட்டியில் கிடந்த மீன்கள்.
தோளில் பட்டதும் விருட்டென எழுந்து உட்கார்ந்தார்.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
என் இரண்டு கைகளையும் இழுத்து
தீப்பொறி தின்ற தன் உள்ளங்கைகளுக்குள் போட்டுத்
தேய்த்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார்.
"அவளுக்கும் கடைசி வாரம் இப்படித்தான்,
விரலெல்லாம் சில்லிட்டு.
தேய்த்துப் பார்த்தேன். ஏறவில்லை.
நான் போய்
டீ வாங்கி வரலாமென்று..."

பிறகு தானாகவே படுத்துக்கொண்டார்.

புதிதாக ஒன்றும் செய்யவில்லை நான்.
அதே எண்ணெய். அதே அழுத்தம்.
தோள்பட்டை எலும்புக்கு அடியில்
தண்ணீரில் விழுந்த உப்புக்கல்போல
ஏதோ ஒன்று மூலை மழுங்கியது.
பத்து நிமிஷத்தில் குறட்டை.
தெருவில் டிராலிபஸ் கம்பியிலிருந்து
நீலமாய் ஒரு பொறி தெறித்தது.
பற்றவைப்பவரின் இமை அசையவில்லை.

சட்டை போடும்போது கை காதுவரை போனது.
யாருடையதோ என்பதுபோல்
கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்:
தசைநார்க் கிழிசல் அப்படியே இருக்கிறது,
ஸ்கேன் படத்தில் வெள்ளைக் கோடாக.
மனசு வைத்தால் மலை நகருமென்று
என் வாசலில் பலகை மாட்டமாட்டேன்.
நாளெல்லாம் தூக்கிக்கொண்டிருந்த எதையோ
அவர் கீழே வைத்தார்.
வைத்த நேரத்தில் என் கை அங்கே இருந்தது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அவர் கை எங்கே இருந்தது என்பதையும்
சேர்த்துச் சொல்லவேண்டும், அதற்கு
எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் பெயர் கற்றுத்தரவில்லை.

ஐந்தாம் முறை வந்தார், டீயோடு.
இரண்டு கோப்பை. பேச்சில்
ஆறிப்போனது ஒன்று.

ஆறாவது கட்டம் இன்னும் காலி.
மே மாதம் போன் செய்தேன்.
"அது இருக்கட்டும்" என்றார்.
"பத்தும் தீர்ந்தால்
அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்."